ரைபிளில் ஸ்கோப்பை மட்டமாகப் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் வந்தாயிற்று, அதை ரைபிளில் பிடித்து நிறுத்தும் ரிங்கும் வந்தாயிற்று, ஆலன் கீயும் கையில் இருக்கிறது. ரைபிளை மேசையில் வைத்து எட்டிப் பார்த்தால் உள்ளே தெரியும் கோடு ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்த மாதிரியும், தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் வலப்பக்கம் சாய்ந்த மாதிரியும் தெரிகிறது. புதிதாக ஸ்கோப் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் ஒரு வார்த்தை. வேலையைத் தொடங்கும் முன் மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டை (குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) உருவி வெளியே வையுங்கள், குழலின் பின்முனையில் குண்டு உட்காரும் அறையில் எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இந்த வேலையில் குழலின் முன்பக்கம் போய் நிற்க வேண்டிய கட்டங்கள் வரும்.

ஸ்கோப் ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் குடி முழுகிப் போகுமா?

தூரத்தைப் பொறுத்தது. தூரம் கூடக் கூட குண்டு கீழே விழும் அளவு கூடும். அதை ஈடுகட்ட, ஸ்கோப்பின் மேலுள்ள டரட் என்னும் திருகைத் திருப்பி மேலே ஏற்றுகிறோம், அல்லது ரெட்டிகிளில் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) கீழே உள்ள கோட்டை வைத்துக் குறி பார்க்கிறோம். இப்படி ஏற்றும் ஏற்றம் செங்குத்தாக மேலே போக வேண்டும். ஸ்கோப் சாய்ந்திருந்தால் அது மேலே போகிற சாக்கில் பக்கவாட்டிலும் கொஞ்சம் போகும்.

கணக்கு எளிது: ஏற்றிய உயரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் பக்கவாட்டுப் பிழை வந்துவிடும். ஒரு டிகிரிக்கு அந்த மதிப்பு 0.0175. அதாவது ஒரு மீட்டர் ஏற்றினால் 1.75 செ.மீ. விலகும்.

நெடுந்தூரப் போட்டிக்காரர்களின் பழைய நண்பனான .308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 175 கிரெய்ன் எடையுள்ள குண்டு, 100 கஜத்தில் ஜீரோ, அதாவது அந்தத் தூரத்தில் குறியிலேயே குண்டு படும்படி அமைத்தது. 1,000 கஜத்துக்குப் போக வேண்டுமானால் சுமார் 11 மில்லிரேடியன் (ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டர் என்ற கணக்கிலான கோண அளவு) ஏற்ற வேண்டியிருக்கும். அந்தத் தூரத்தில் அது ஏறக்குறைய 10 மீட்டர் உயரம். ஒரு டிகிரி சாய்வுக்குப் பதினேழரை செ.மீ. பக்கவாட்டில் போகும், மூன்று டிகிரிக்கு அரை மீட்டரைத் தாண்டிவிடும். அதே ரைபிளில் 300 மீட்டருக்கு ஏற்றுவது ஒன்றரை மில்லிரேடியன் அளவுதான் என்பதால் ஒரு டிகிரி சாய்வு அங்கே 8 மி.மீ.தான் தள்ளும். அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சாய்வால் உயரமும் கொஞ்சம் குறையும். மூன்று டிகிரிக்கு 10 மீட்டரில் ஒன்றரை செ.மீ. கூட வராது, அதை மறந்துவிடலாம். பிழை எந்தப் பக்கம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்: ரெட்டிகிளின் தலை வலப்பக்கம் சாய்ந்தால் குண்டும் வலப்பக்கம்தான் போகும்.

100 மீட்டரில் மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் போகிறது. பிறகு எப்படி ஸ்கோப் சாய்ந்திருக்கும்?

தாராளமாகச் சாய்ந்திருக்கலாம். நீங்கள் 100 மீட்டரில் ஜீரோ செய்தபோது சாய்வால் வந்த சிறு விலகலையும் சேர்த்துத்தான் பக்கவாட்டு டரட்டைத் திருப்பிச் சரிசெய்திருப்பீர்கள். அந்தத் தூரத்தில் பிழை ஒளிந்துகொண்டது. டரட்டை மேலே ஏற்றத் தொடங்கும்போதுதான் வெளியே வரும், அதுவும் தூரம் போகப் போகப் பெருகிக்கொண்டே போகும். "400 வரை அருமை, 800-இல் மட்டும் எப்போதும் ஒரே பக்கம் போகிறது" என்று யாராவது சொன்னால் காற்றைக் குறை சொல்வதற்கு முன் ஸ்கோப்பின் சாய்வைப் பார்ப்பது நல்லது.

இன்னொரு விஷயமும் அங்கே கலந்துவிடும். வலப்பக்கம் சுழலும் ரைஃப்ளிங் (குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம்) உள்ள குழலிலிருந்து கிளம்பும் குண்டு, சுழற்சியின் காரணமாகத் தானாகவே கொஞ்சம் வலப்பக்கம் நகரும். .308-இல் 1,000 கஜத்தில் இது 20 செ.மீ. அளவுக்கு வரும். ஒரு டிகிரி சாய்வின் பிழையும் ஏறக்குறைய இதே அளவு என்பதால் ஒன்றை இன்னொன்றாக நினைத்து ஏமாறுவது சகஜம். 100 மீட்டர் தூரத்தில் சுழற்சி நகர்வு இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் கீழே சொல்லப்போகும் உயரத் தாள் சோதனையை 100 மீட்டரில் செய்கிறோம்.

என்னிடம் இருப்பது காற்றுத் துப்பாக்கி. எனக்கு இதெல்லாம் வேண்டுமா?

உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பதால், தமிழ்நாட்டில் ஸ்கோப்பைக் கையால் தொட்டவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். (பறவை, முயல் பக்கம் திருப்ப வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 அங்கே காத்திருக்கிறது.)

காற்றுத் துப்பாக்கியின் சிறு குண்டான பெல்லட் மெதுவாகப் போகிறது. வினாடிக்கு 780 அடி வேகத்தில் கிளம்பும் .177 (4.5 மி.மீ.) பெல்லட், 50 கஜம் போவதற்குள் 20 செ.மீ.க்கு மேல் விழுந்துவிடும். ரைபிளை நேராகப் பிடித்து ஜீரோ செய்துவிட்டு, பிறகு ஐந்து டிகிரி சாய்த்துப் பிடித்துச் சுட்டால் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. பக்கவாட்டில் போகும். வெவ்வேறு தூரத்தில் நிற்கும் இலக்குகளைக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தும் ஃபீல்டு டார்கெட் போட்டியில் அதே தூரத்தில் பெல்லட் படவேண்டிய வட்டத்தின் அகலம் 40 மி.மீ. நடுவில் குறி வைத்தும் விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

10 மீட்டர் போட்டிக்குத் தயாராகிறவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடலாம். இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தொலைநோக்கி ஸ்கோப்புக்கே அனுமதி கிடையாது. துளைவழிப் பார்க்கும் டயாப்டர் சைட்தான்.

எதை எதற்கு மட்டமாக வைக்க வேண்டும்? ரைபிளையா, ஸ்கோப்பையா?

எல்லாக் குழப்பமும் இங்கேதான் இருக்கிறது. பொதுவாக எல்லோரும் செய்வது இது: ரைபிளை வைஸ் என்னும் பிடிக்கருவியில் பூட்டி, ரைபிளின் மேலே ரிங்கைப் பூட்டும் ரெயிலின் மேல் ஒரு சின்ன ரசமட்டத்தை வைத்து ரைபிளை மட்டமாக்குகிறார்கள். பிறகு டரட் மூடி மேல் இன்னொரு ரசமட்டத்தை வைத்து அதுவும் நடுவில் வரும்வரை ஸ்கோப்பைத் திருப்புகிறார்கள். இரண்டு குமிழும் நடுவில் நின்றால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

குண்டுக்கு ரெயிலும் தெரியாது, டரட் மூடியும் தெரியாது. அதைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். ஆகவே விசையை இழுக்கும் நொடியில் ரெட்டிகிளின் நெட்டுக்கோடு தூக்குக்குண்டின் நூலுக்கு இணையாக நிற்க வேண்டும். அதோடு டரட்டின் நகர்வும் அந்தக் கோட்டின் வழியே போக வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் ரைபிளின் உடல் ஓரிரு டிகிரி சாய்ந்திருப்பதால் பெரிய நஷ்டமில்லை.

நம்ப முடியவில்லையா? கணக்குப் போடுவோம். ஸ்கோப்பின் மையம் குழல் மையத்துக்கு 5 செ.மீ. மேலே இருக்கிறது. ரெட்டிகிள் செங்குத்தாக நிற்க, ரைபிள் மட்டும் 2 டிகிரி சாய்ந்திருக்கிறது. அப்போது குழல் ஸ்கோப்புக்கு நேர் கீழே இல்லாமல் 1.75 மி.மீ. பக்கத்தில் தள்ளி இருக்கும். 100 மீட்டரில் ஜீரோ செய்துவிட்டால் அந்த இடத்தில் குண்டு நடுக்கோட்டைத் தாண்டும். 1,000 மீட்டர் போகும்போது மறுபக்கம் 16 மி.மீ. விலகியிருக்கும். கட்டை விரல் அகலம்கூட இல்லை.

இதையே தலைகீழாகச் செய்தால், அதாவது ரைபிள் உடல் மட்டமாக நிற்க ரெட்டிகிள் 2 டிகிரி சாய்ந்திருந்தால், 10 மீட்டர் ஏற்றத்துக்கு 35 செ.மீ. போய்விடும். எதற்குக் கவலைப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

ரைபிளைக் கோணலாக வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தோளில் வைத்தால் இயல்பாக எப்படி உட்காருகிறதோ அதற்கு ஒத்துப்போகிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ரெட்டிகிளை நேராக்க மணிக்கட்டால் ரைபிளை முறுக்க வேண்டியிருக்கும்; முறுக்கிய கை விசையை நேராக இழுக்காது.

டரட் மூடி மேல் வைத்த ரசமட்டத்தை ஏன் நம்பக்கூடாது?

மூடி என்பது மூடி. மரையில் ஏறி உட்காருகிற உலோகத் தட்டு. அதன் மேற்பரப்பு உள்ளே இருக்கும் ரெட்டிகிளுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. சில மூடிகள் நடுவில் லேசாக மேடிட்டிருக்கும், சிலவற்றில் எழுத்துப் பொறித்த விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மூடியைக் கழற்றிவிட்டு அடியில் உள்ள தட்டையான பரப்பில் வைத்துப் பார்ப்பது கொஞ்சம் மேல். அதுவும் தொடக்கத்துக்குத்தான். கடைசி வார்த்தை ரெட்டிகிள் வழியே தெரியும் நூலுடையது.

ஸ்கோப் கிட் என்று பெட்டியில் வரும் விரல் நக அளவு ரசமட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றின் குமிழ் அரை டிகிரிக்கு அசைந்ததா இல்லையா என்பதே கண்ணுக்குத் தெரியாது. கொத்தனார் வைத்திருக்கும் ஓரடி ரசமட்டம் அதைவிட எவ்வளவோ தேவலை. வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள்: மேசையில் வைத்துக் குமிழ் நிற்கும் இடத்தைப் பாருங்கள், அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழ் வேறு பக்கம் போனால் மட்டமே பொய்.

தூக்குக்குண்டு முறையை எப்படிச் செய்வது?

இதற்கு ஆகும் செலவு ஒரு சுருள் வெள்ளை நைலான் கயிறு. 20, 25 மீட்டர் தள்ளி, மாடிக் கைப்பிடியிலோ மரக்கிளையிலோ கயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். கீழ்முனையில் தூக்குக்குண்டு, இல்லாவிட்டால் கனமான நட்டு ஒன்று போதும். காற்றில் ஆடிக்கொண்டே இருந்தால் குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கவிடுங்கள், வாளியின் ஓரத்தில் படாமல். ஆட்டம் சட்டென்று அடங்கிவிடும். பின்னணி இருட்டாக இருக்கட்டும். வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளைக் கயிற்றைத் தொங்கவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ரைபிளை வைஸிலோ மணல் மூட்டையிலோ அசையாமல் வையுங்கள். ரிங்கின் மேல் மூடிகளை, கையால் திருப்பினால் ஸ்கோப் லேசான பிடிப்போடு சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கியிருக்க வேண்டும். கண்ணருகே உள்ள வளையத்தைத் திருப்பி ரெட்டிகிளைக் கூர்மையாக்குங்கள். பிறகு பக்கவாட்டு ஃபோகஸைத் திருப்பி நூலைக் கூர்மையாக்குங்கள். உங்கள் ஸ்கோப் 100 கஜத்துக்கு நிரந்தரமாக அமைக்கப்பட்டதாக இருந்தால் 20 மீட்டரில் நூல் மங்கலாகத் தெரியும். உருப்பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது நூலை இன்னும் தள்ளிப் போய்க் கட்டுங்கள்.

இப்போது நெட்டுக்கோட்டை நூலின் மேல் முழுக்கப் படியவிடாதீர்கள். நூலுக்குப் பக்கத்தில், ஒரு மயிரிழை இடைவெளியில் நிறுத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் சின்னச் சாய்வு மறைந்துவிடும். பக்கத்தில் நிற்கும்போது மேலே இடைவெளி அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதைக் கண் சுலபமாகப் பிடித்துவிடும். இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி ஆகும்வரை ஸ்கோப்பைத் திருப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த நேரத்தில் ரைபிள் தோளில் உட்காரும் அதே நிலையில் வைஸில் நிற்க வேண்டும். ரெயில் மேல் வைத்த ரசமட்டம் உதவுவது இங்கேதான்.

வீட்டுக்குள்ளேயே செய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஸ்கோப்பின் கண்பக்கம் ஒரு டார்ச்சை வைத்து அடியுங்கள். முன்பக்கக் கண்ணாடி வழியே ரெட்டிகிளின் பிம்பம் எதிர்ச் சுவரில் விழும். ஃபோகஸைத் திருப்பித் திருப்பிக் கூர்மையாக்க வேண்டும். 10 கஜம் வரை ஃபோகஸ் இறங்கும் ஸ்கோப்பாக இருந்தால் நீளமான கூடமே போதும். சுவரில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, அதற்கு இணையாகக் கோட்டின் நிழலைத் திருப்பி நிறுத்த வேண்டியதுதான். ஆள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் தலையைச் சாய்ப்பதால் வரும் தவறும் கிடையாது.

ஃபீலர் கேஜ், சீட்டுக்கட்டு வைத்துச் செய்கிறார்களே?

பல ஸ்கோப்புகளில் டரட் உட்கார்ந்திருக்கும் பகுதியின் அடிப்புறம் தட்டையாக இருக்கும். அதற்கு நேர் கீழே தட்டையான ரெயில் ஓடினால், இடையில் ஃபீலர் கேஜ் தகடுகளையோ சீட்டுகளையோ அடுக்கி இறுக்கமாகச் செருகினால் இரண்டு தட்டைப் பரப்பும் இணையாகிவிடும். ஐந்து நிமிட வேலை, ரசமட்டமே வேண்டாம். ஆனால் அந்த அடிப்பரப்பு ரெட்டிகிளுக்குச் சரியாக அமைந்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இது நிற்கிறது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். செய்து முடித்தபின் நூலில் ஒருமுறை பாருங்கள். 11 மி.மீ. டவ்டெயில் (ரிங் கவ்விக்கொள்ள ரைபிள் உடலிலேயே வெட்டிய பள்ளம்) மட்டும் உள்ள காற்றுத் துப்பாக்கிகளில் தட்டையான ரெயில் இருக்காது. அங்கே இந்த வழி எடுபடாது.

ரைபிள் உடலும் ரெட்டிகிளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சில மீட்டர் தள்ளி ஒரு கண்ணாடியை நிறுத்தி, போல்ட்டைக் கழற்றிய ரைபிளை அதை நோக்கி வையுங்கள். ஸ்கோப் வழியே பார்த்தால் கண்ணாடியில் உங்கள் ஸ்கோப்பின் முன்வட்டமும் அதற்குக் கீழே குழல் வாயும் தெரியும். ரெட்டிகிள் மையத்தை அந்த முன்வட்டத்தின் மையத்தில் நிறுத்துங்கள். நெட்டுக்கோடு கீழே இறங்கி குழல் வாயின் நடுவைத் தொட்டால் இரண்டும் ஒரே கோட்டில் உள்ளன. மேலே சொன்ன 16 மி.மீ. விவகாரம் இதுதான், இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் சரியாக வைத்தேன். ஸ்க்ரூவை இறுக்கியதும் ஸ்கோப் திரும்பிக்கொண்டது. என்ன செய்ய?

எல்லோருக்கும் நடப்பது. மேல்மூடியை ஒரு பக்கம் இறுக்கும்போது அது குழாயைத் தன்னோடு இழுத்துத் திருப்பும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் திரும்பாமல் என்ன செய்யும்?

ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். முன் ரிங்கில் ஒன்று, பின் ரிங்கில் எதிர்ப்பக்கத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி. மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எட்டிப் பார்த்து நூலோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒவ்வொரு முறையும் வலப்பக்கமே இழுக்கிறது என்றால், தொடங்கும்போதே அந்த அளவு இடப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு இறுக்குங்கள். குறுக்குவழிதான், ஆனால் வேலை செய்யும்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். மேல்மூடி ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.7 முதல் 2 நியூட்டன்-மீட்டர். ஸ்கோப் கம்பெனி ஓர் எண்ணும் ரிங் கம்பெனி ஓர் எண்ணும் சொன்னால் குறைந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை பலத்தில் "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கினால் அலுமினியக் குழாய் நசுங்கி, உள்ளே நகரும் பாகம் சிக்கிக்கொள்ளும். பிறகு க்ளிக் சத்தம் கேட்கும், குறி நகராது.

சில ரிங்குகளில் ஒரு பக்கம் இடைவெளியே இல்லாமல் மூடிவிட்டு மறுபக்கத்தை மட்டும் இறுக்கச் சொல்லியிருப்பார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தைத் தூக்கிப் போடும் முன் படியுங்கள்.

லாக்டைட் போடலாமா?

ரெயிலை ரைபிள் உடலோடு பிணைக்கும் ஸ்க்ரூக்களுக்கு நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. ரிங்கின் மேல்மூடி ஸ்க்ரூக்களுக்கு வேண்டாம். ஈரமாக இருக்கும்போது அது எண்ணெய் மாதிரி வழுக்கி, அதே டார்க் எண்ணில் கூடுதலாக இறுக வைத்துவிடும். குழாயும் ரிங்கின் உட்பக்கமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் ஸ்பிரிட்டால் துடைத்திருக்க வேண்டும்.

முதலில் மட்டமா, கண் தூரமா?

கண் தூரம், அதாவது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளிதான் முதலில். பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, பிறகு திறந்து பாருங்கள். ஓரத்தில் கறுப்பு வளையம் இல்லாமல் படம் முழுதாகத் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். மட்டம் பார்த்தபின் நகர்த்தினால் மறுபடி எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

பொருத்தியது சரிதான் என்று எப்படி நிரூபிப்பது?

உயரத் தாள் சோதனை. நெடுந்தூரம் சுடுகிறவர்கள் ஒருவரும் இதைத் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தாளை ஒட்டி, தூக்குக்குண்டு வைத்து மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு வரையுங்கள். கையால் அளந்து "நேராகத்தான் இருக்கிறது" என்று வரைந்த கோடு செல்லாது. தாளின் அடிப்பகுதியில் ஒரு குறிப்புள்ளி. 100 மீட்டரில் நிறுத்துங்கள்; கஜத்தில் அளந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எட்டரை சதவீதம் போல உதைக்கும்.

ரெட்டிகிளைக் கோட்டுக்கு இணையாகப் பிடித்து, புள்ளியில் ஐந்து குண்டு. பிறகு டரட்டை 10 மில்லிரேடியன் ஏற்றி, அதே புள்ளியைப் பார்த்து இன்னும் ஐந்து குண்டு. 0.1 மில்லிரேடியன் க்ளிக் என்றால் நூறு க்ளிக். இரண்டாவது குழு சரியாக ஒரு மீட்டர் மேலே, அதே கோட்டின் மேல் விழ வேண்டும். முதல் குழுவின் நடுவோடு ஒப்பிடும்போது 1.75 செ.மீ. விலகியிருந்தால் ஒரு டிகிரி சாய்வு. உயரம் 97 செ.மீ.தான் வந்தது என்றால் உங்கள் டரட் சொல்லும் 10 உண்மையில் 9.7. அந்த உண்மையும் இலவசமாகக் கிடைத்துவிடும்.

குண்டு செலவழிக்காமலும் பாதிச் சோதனையைச் செய்யலாம். ஸ்கோப்பை அசையாமல் வைஸில் பிடித்துக்கொண்டு, மையத்தை நூலின் மேல் வைத்து, டரட்டை மெல்ல ஏற்றுங்கள். ரெட்டிகிள் மையம் நூலின் வழியே கீழே இறங்க வேண்டும். நூலை விட்டு விலகி இறங்கினால் ஏதோ சரியில்லை. 25 மீட்டரில் 10 மில்லிரேடியன் என்பது 25 செ.மீ. நகர்வு, ஒரு டிகிரி கோணல் அங்கே 4 மி.மீ. போலத் தெரியும்.

கோடு நூலுக்கு நேராக இருக்கிறது, ஆனால் டரட் ஏற்றினால் விலகுகிறது. எது சரி?

இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தொழிற்சாலையில் ரெட்டிகிளை உள்ளே பொருத்தும்போதே கொஞ்சம் திரும்பிப் போயிருக்கிறது. நீங்கள் டரட் திருப்பிச் சுடுகிறவர் என்றால் டரட்டின் நகர்வை நூலுக்கு நேராக்குங்கள். கோடு இலேசாகச் சாய்ந்து தெரிவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ரெட்டிகிள் கோடுகளை வைத்தே ஏற்றம் பிடிக்கிறவர் என்றால் கோட்டை நேராக்குங்கள். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விவாதமே வேண்டாம், உத்தரவாதக் காலத்தில் திருப்பி அனுப்புங்கள். அரை டிகிரிக்குள் என்றால் விட்டுவிடுங்கள். .308-இல் 1,000 கஜத்தில் காற்றை மணிக்கு ஒரு மைல் தவறாகக் கணித்தாலே கால் மீட்டர் போய்விடும். அரை டிகிரியால் போவது 9 செ.மீ.

ஸ்கோப் மேல் ரசமட்டம் மாட்டுவது அலங்காரமா?

400 மீட்டருக்கு மேல் சுடுகிறவருக்கும் ஃபீல்டு டார்கெட் ஆடுகிறவருக்கும் அலங்காரம் இல்லை. ஸ்கோப்பை எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும், சுடும்போது ரைபிளைச் சாய்த்துப் பிடித்தால் எல்லாம் வீண். மேட்டுச் சரிவில் படுத்திருக்கும்போது கண் பூமியின் சரிவையே மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் சாய்வான வேலி ஓடினால் ரெட்டிகிளை அதற்கு இணையாக்கத் தோன்றும். குமிழ் ஏமாறாது.

அதை ரெயிலில் மாட்டுவதைவிட ஸ்கோப் குழாயிலேயே மாட்டுங்கள். ரெட்டிகிள் நூலுக்கு நேராக நிற்கும்போது குமிழ் நடுவில் நிற்கும்படி திருப்பி இறுக்க வேண்டும். அப்போது குமிழ் சொல்வது ரெட்டிகிளைப் பற்றியதாக இருக்கும். குழாயின் விட்டம் 25.4, 30, 34 மி.மீ. என்று வேறுபடும், பார்த்து வாங்குங்கள்.

ஒலிம்பிக்கில் ரைபிளைச் சாய்த்துத்தானே பிடிக்கிறார்கள்?

உண்மைதான். 50 மீட்டர் ரைபிளில் பலர் உடலமைப்புக்கு ஏற்ப ரைபிளைத் தங்கள் பக்கம் சாய்த்து, தலையை நிமிர்த்தி வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தூரம் மாறுவதேயில்லை. அந்தச் சாய்வோடேயே ஜீரோ செய்து, ஒவ்வொரு குண்டுக்கும் அதே சாய்வைப் பிடித்தால் போதும். சாய்வு குண்டுக்குக் குண்டு மாறினால் அவர்களுக்கும் மதிப்பெண் போய்விடும்.

போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப் போதுமா?

பத்தில் ஒரு டிகிரி வரை எண் காட்டும். ஆனால் போனின் ஓரம் வளைந்திருக்கும், உறை மாட்டியிருப்பீர்கள், கேமரா துருத்திக்கொண்டிருக்கும். ரெயிலில் அது எப்படி உட்கார்ந்தது என்பதற்கு யார் பொறுப்பு? நூலைப் பாருங்கள்.

ஸ்ப்ரிங் காற்றுத் துப்பாக்கியில் ஸ்கோப் மெல்லப் பின்னால் நகர்ந்துவிடுகிறது. மட்டமும் கெட்டுப்போகுமா?

கெடும். ஸ்ப்ரிங் பிஸ்டன் துப்பாக்கி பின்னாலும் முன்னாலும் இரண்டு பக்கமும் உதைக்கும். டவ்டெயிலில் பிடித்திருக்கும் ரிங் அந்த உதையில் நகரும், குழாயும் ரிங்குக்குள் சற்றே சுழலும். நிறுத்துமுள் உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட்டை வாங்கி, முள்ளை ரைபிள் உடலில் உள்ள குழியில் இறக்குங்கள். காற்றுத் துப்பாக்கிக்கென்று குறிப்பிட்ட ஸ்கோப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபக்க உதையில் உள்ளே கண்ணாடி ஆட்டம் கண்டுவிடும்.

எல்லாம் முடிந்தபின் நெயில் பாலிஷால் ரிங் விளிம்பிலிருந்து குழாய் வரை ஒரு மெல்லிய கோடு இழுத்து வையுங்கள். கொஞ்ச நாள் சுட்டபின் அந்தக் கோடு உடைந்திருந்தால் ஸ்கோப் நகர்ந்திருக்கிறது அல்லது திரும்பியிருக்கிறது. மறுபடி நூலைக் கட்ட வேண்டியதுதான்.